வெளியிணைப்புகளும் முதன்முறை வரும் வாசகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உங்கள் டொமைனை விட்டு வேறொருவருடைய டொமைனுக்குப் போகும் எந்த இணைப்பும் இங்கே வெளியிணைப்புதான். தளத்துக்குப் பழகியவருக்கு எந்தக் குறி எதைச் சொல்கிறது, எது விளம்பரம், எது உங்கள் பக்கம் என்று தெரியும். முதன்முறை வந்தவருக்கு இதில் எதுவும் தெரியாது. சொடுக்குவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை வைத்தே கீழ்க்காணும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வெளியிணைப்பை அதே தாவலில் திறப்பதா, புதிய தாவலில் திறப்பதா?

அதே தாவலில். புதிய தாவல் வேண்டுபவர் கைபேசியில் இணைப்பை அழுத்திப் பிடித்தோ, கணினியில் கன்ட்ரோல் விசையுடன் சொடுக்கியோ தானே திறந்துகொள்வார். தளமே புதிய தாவலைத் திணித்துவிட்டால், அதே தாவலில் படிக்க விரும்புபவருக்கு எளிய வழி இல்லை.

புதிய தாவலில் பேக் பட்டனுக்குப் பின்னால் வரலாறு எதுவும் இருக்காது. கைபேசியின் சிறிய திரையில் தாவல் மாறியதே பலருக்குத் தெரியாது. பேக் பட்டனை அழுத்தி, ஒன்றும் நடக்காமல், பக்கம் பழுதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 1999-லேயே இதை வலைவடிவமைப்பின் பெரிய தவறுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டார்.

ஆனால் வாசகர் போனால் திரும்பி வர மாட்டாரே?

திரும்புவதை எளிதாக்குங்கள். பேக் பட்டனை அழுத்தியதும் பக்கத்தை நினைவகத்திலிருந்து அப்படியே எடுத்துத் தரும் வசதி இன்றைய உலாவிகளில் உண்டு. படித்த இடமும் மாறாது, மறுபடி தரவிறக்கமும் இல்லை. அதைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: பக்கத்தை விட்டுப் போகும்போது எழும் ‘அன்லோட்’ நிகழ்வைப் பிடிக்கும் பழைய ஜாவாஸ்கிரிப்ட், பக்கத்தைச் சேமிக்காதே என்று உலாவியிடம் சொல்ல, தேவையில்லாமல் அனுப்பப்படும் ‘நோ-ஸ்டோர்’ தலைப்பு. முதலாவது பெரும்பாலும் நீங்கள் எழுதியதாக இருக்காது. வெளியிலிருந்து சேர்த்த வருகைக் கணக்கெடுப்பு நிரலில் ஒளிந்திருக்கும். குரோமின் டெவலப்பர் கருவிகளில் ‘அப்ளிகேஷன்’ பகுதியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஒரே சொடுக்கில் காரணத்தைச் சொல்லிவிடும்.

புதிய தாவல் எப்போதுதான் சரி?

இருக்கும் பக்கத்தை விட்டுப் போனால் வாசகர் எதையாவது இழப்பார் என்றால் மட்டும். பாதி நிரப்பிய படிவத்தின் நடுவே வரும் விதிமுறை இணைப்பு, பணம் செலுத்தும் பக்கம், ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அல்லது காணொளி, நேரக் கணக்குள்ள தேர்வு ஆகியவை அப்படிப்பட்டவை. அங்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

புதிய தாவல் என்பதை எப்படி முன்கூட்டியே சொல்வது?

இணைப்பின் சொற்களுக்குள்ளேயே “(புதிய தாவலில் திறக்கும்)” என்று எழுதுவது எல்லாருக்கும் புரியும். பெட்டியிலிருந்து வெளியேறும் அம்புக்குறி மட்டும் போதாது. அதன் பொருள் பழகியவருக்குத்தான் தெரியும். சிலர் அதை ‘வேறு தளம்’ என்றும் சிலர் ‘புதிய தாவல்’ என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தளத்தில் அது எதைக் குறிக்கிறது என்று ஒன்றை முடிவுசெய்து, எல்லாப் பக்கத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

அம்புக்குறி போடுவதானால், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானிடமிருந்து அதை மறைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சொற்களாக அதே செய்தியை இணைப்புக்குள் வையுங்கள். திரைவாசிப்பானுக்கு இணைப்பின் பெயரைச் சொல்லும் ‘ஏரியா-லேபிள்’ பண்பை இதற்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இணைப்பின் கண்ணுக்குத் தெரியும் சொற்களை முழுவதுமாக மூடிவிடும். லேபிளில் அந்தச் சொற்கள் இல்லையென்றால், குரலால் கணினியை இயக்குபவர் திரையில் பார்ப்பதைச் சொன்னாலும் இணைப்பு திறக்காது.

அம்புக்குறி தனியாக அடுத்த வரிக்கு உருண்டுபோவதும் அடிக்கடி காணும் பிழை. இணைப்பின் கடைசிச் சொல்லையும் குறியையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறைக்குள் வரி உடையாதபடி செய்தால் சரியாகிவிடும்.

இணைப்பின் சொற்கள் எப்படி இருக்க வேண்டும்?

“இங்கே சொடுக்கவும்”, “மேலும்” என்றெல்லாம் எழுதாதீர்கள். திரைவாசிப்பானில் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வழக்கம் உண்டு. பன்னிரண்டு “இங்கே” அடுத்தடுத்து ஒலித்தால் அதில் என்ன தெரியும்? இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ சூழலிலிருந்தோ விளங்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி அணுகல் நெறியில் 2.4.4 ஆம் விதி. அதுவும் அடிப்படை நிலையிலேயே.

வெளியிணைப்புக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்: யாருடைய தளம், பக்கமா கோப்பா, கோப்பென்றால் எவ்வளவு பெரியது, எந்த மொழியில் இருக்கிறது. “நிறுவனத்தின் பெயர், பிடிஎஃப், 4 எம்பி, ஆங்கிலம்” என்று நான்கு துண்டுகள் போதும். கைபேசித் தரவை எண்ணிச் செலவழிப்பவருக்கு அந்த 4 எம்பி முக்கியமான செய்தி.

முழு முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள். தமிழ் எழுத்துகள் உள்ள முகவரி என்றால் நிலைமை இன்னும் மோசம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். உயிர்மெய் ஒன்று பதினெட்டு எழுத்து வரை போகும். நான்கு சொல் தலைப்பு கைபேசித் திரையை நிறைத்துவிடும்.

அடிக்கோடு வேண்டாம், நிறம் மட்டும் போதும் என்கிறார் வடிவமைப்பாளர். சரியா?

பத்திகளுக்குள் வரும் இணைப்புக்கு அடிக்கோடு இருக்கட்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வேறு துணை இல்லை. அடிக்கோட்டை எடுத்தே தீர வேண்டுமென்றால், இணைப்பின் நிறத்துக்கும் சுற்றியுள்ள எழுத்தின் நிறத்துக்கும் இடையே குறைந்தது 3:1 வேறுபாடும், பின்னணியோடு 4.5:1 வேறுபாடும் வேண்டும். சுட்டியை மேலே கொண்டுவந்தாலோ விசைப்பலகையால் அங்கே வந்தாலோ அடிக்கோடு தோன்றவும் வேண்டும். அந்த இரண்டு வேறுபாட்டையும் ஒன்றாக நிறைவேற்றும் நிறம் கிடைப்பது கடினம்.

தமிழில் அடிக்கோட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கு, து, ழு, று போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியைக் கோடு வெட்டிக்கொண்டு போகும். சிஎஸ்எஸ்ஸில் அடிக்கோட்டின் விலகலை எழுத்தளவின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே தள்ளி, கோட்டை மெல்லியதாக்கினால் படிக்க இதமாக இருக்கும். அதற்கேற்ப வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டுங்கள்.

பார்த்த இணைப்புக்கு வேறு நிறம் இன்றும் தேவையா?

தேவை. குறிப்பாக, நிறைய வெளியிணைப்புகள் உள்ள பக்கத்தில் எதைத் திறந்து பார்த்தோம் என்று புதியவருக்கு நினைவிருக்காது. நிறத்தை மட்டும்தான் மாற்ற முடியும். இணைப்பின் அருகில் டிக் குறி போட முடியாது. இந்த வசதியை வைத்துத் தளங்கள் வாசகரின் உலாவல் வரலாற்றை வேவு பார்த்ததால், 2010 முதல் உலாவிகள் அதைக் கட்டுப்படுத்திவிட்டன. 2025-இல் வந்த குரோம் 136 இன்னும் ஒரு படி போனது: உங்கள் தளத்திலிருந்து சொடுக்கிய இணைப்புகள் மட்டுமே உங்கள் தளத்தில் பார்த்தவையாகத் தெரியும். அதனால் முதன்முறை வருபவருக்கு, ஏற்கெனவே வேறு வழியாகப் போய்வந்த தளத்துக்கான இணைப்பும் புதிதாகவே தோன்றும். இது பழுதல்ல.

“நீங்கள் எங்கள் தளத்தை விட்டு வெளியேறுகிறீர்கள்” என்ற இடைப்பக்கம் போடலாமா?

எல்லா வெளியிணைப்புக்கும் போட்டால் கேடுதான் மிஞ்சும். இரண்டு மூன்று முறை பார்த்ததும் வாசகர் படிக்காமல் ‘தொடர்க’வை அழுத்தப் பழகிவிடுவார். உண்மையான ஆபத்து வரும் நாளில் எச்சரிக்கை வேலை செய்யாது. ஆசிரியர் குழு தானே படித்துத் தேர்ந்து கொடுத்த இணைப்புக்கு எச்சரிக்கை எதற்கு?

மூன்று இடங்களில் அதற்கு நியாயம் உண்டு: வங்கி, காப்பீடு போல ஒழுங்குமுறை கேட்கும் துறைகள், முன்பின் தெரியாதவர்கள் இட்ட இணைப்புகள், கூகுள் சேஃப் பிரவுசிங் போன்ற பட்டியல் ஆபத்தானது என்று சொல்லும் முகவரிகள். அப்படிப் போடும் பக்கத்தில் போகுமிடத்தின் டொமைன் பெரிய எழுத்தில், முழுதாகத் தெரிய வேண்டும். பட்டன்களில் ‘சரி’, ‘ரத்து’ என்று இல்லாமல் “அந்தத் தளத்துக்குப் போ”, “இங்கேயே இரு” என்று செயலைச் சொல்லுங்கள். ஐந்து நொடி எண்ணிவிட்டுத் தானாகத் தள்ளிவிடுவது கூடவே கூடாது. மெதுவாகப் படிப்பவர் எச்சரிக்கையை முடிப்பதற்குள் வெளியே போயிருப்பார். பேக் பட்டனை அழுத்தினால் இடைப்பக்கம் மறுபடி முன்னே தள்ளும். அந்தப் பக்கத்தில் விளம்பரம் வேண்டாம். தேடுபொறி அதைத் தொகுக்காதபடி ‘நோஇண்டெக்ஸ்’ இடுங்கள்.

இடைப்பக்கத்துக்கு முகவரியைக் கேள்விக்குறிக்குப் பின் அனுப்புகிறோம். ஆபத்து உண்டா?

பெரிய ஆபத்து உண்டு. யார் எந்த முகவரியைக் கொடுத்தாலும் உங்கள் தளம் அங்கே அனுப்பிவிடும் என்றால், மோசடிக்காரருக்கு உங்கள் டொமைனை இரவல் கொடுத்ததாகிவிடும். மின்னஞ்சலில் வரும் இணைப்பு உங்கள் பெயரில் தொடங்கும்; வாசகர் நம்பிச் சொடுக்குவார்; போய்ச் சேருவது போலி நுழைவுப் பக்கம். மென்பொருள் பலவீனங்களின் பொதுப்பட்டியலில் இது சிடபிள்யூஇ-601 என்ற எண்ணில் இருக்கிறது.

நல்ல தீர்வு, முகவரியையே அனுப்பாமல் தரவுத்தளத்தில் உள்ள இணைப்பின் எண்ணை அனுப்புவது. அது முடியாதென்றால், முகவரியோடு, உங்கள் ரகசியச் சாவியால் கணக்கிட்ட எச்மேக் கையொப்பம் ஒன்றைச் சேர்த்து அனுப்பி, அது பொருந்தாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

சோதனை எழுதும்போது வழுக்கும் இடங்கள் தெரிந்தவையே. “நம் டொமைன் பெயரில் தொடங்குகிறதா” என்று மட்டும் பார்த்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வேறு டொமைனை ஒட்டியது உள்ளே வந்துவிடும். அட் குறிக்கு முன்னால் உங்கள் பெயரை எழுதியதும் வந்துவிடும். ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கினால் உள்முகவரி என்று நினைத்தால், இரட்டைச் சாய்கோட்டில் தொடங்குவது வெளியே கொண்டுபோகும். பின்சாய்கோட்டையும் உலாவிகள் முன்சாய்கோடாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்துச் சரத்தைத் துழாவாமல், முகவரியை முறையான பகுப்பான் வழியாகப் பிரித்து, டொமைன் பகுதியை முழுதாக ஒப்பிட வேண்டும்.

‘நோஓப்பனர்’, ‘நோரெஃபரர்’ இரண்டும் எல்லா இணைப்பிலும் வேண்டுமா?

புதிய தாவலில் திறந்த தளம், தன்னைத் திறந்த உங்கள் தாவலை வேறு முகவரிக்கு மாற்ற முடிந்த காலம் ஒன்று இருந்தது. வாசகர் திரும்பி வரும்போது உங்கள் பக்கம் இருந்த இடத்தில் அதைப் போன்ற போலி இருக்கும். அதைத் தடுப்பது ‘நோஓப்பனர்’. சஃபாரி 12.1, ஃபயர்ஃபாக்ஸ் 79, குரோம் 88 முதல் உலாவிகளே இதைத் தாமாகச் செய்கின்றன. பழைய கைபேசிகளில் வருபவர்களுக்காக எழுதி வைப்பதில் நட்டமில்லை.

‘நோரெஃபரர்’ வேறு வேலை: எந்தப் பக்கத்திலிருந்து வாசகர் வருகிறார் என்பதை அடுத்த தளத்திடம் மறைக்கிறது. இன்றைய உலாவிகள் வேறு டொமைனுக்கு உங்கள் தளத்தின் பெயரை மட்டும்தான் சொல்கின்றன. முழு முகவரியைச் சொல்வதில்லை. பொதுவான பக்கங்களுக்கு அதுவே போதும். எல்லா இணைப்பிலும் ‘நோரெஃபரர்’ போட்டால், நீங்கள் அனுப்பிய வாசகர் உங்களிடமிருந்து வந்தார் என்பதே அந்தத் தளத்துக்குத் தெரியாமல் போகும்.

புதிதாகப் பதிவு செய்பவருக்கான உறுதிப்படுத்தும் பக்கத்தில் வெளியிணைப்பு வைக்கலாமா?

வைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தின் முகவரியிலேயே ரகசியச் சாவி இருக்கிறது. கடவுச்சொல் மாற்றும் பக்கமும் இப்படித்தான். அங்கே வெளியிணைப்போ, வெளியிலிருந்து வரும் படமோ, கணக்கெடுப்பு நிரலோ இருந்தால் சாவி வெளியே கசிய வழி உண்டு. பக்கத்தின் முகவரியைத் தன் சேவையகத்துக்கு அனுப்புவதுதான் கணக்கெடுப்பு நிரலின் வேலையே.

அந்தப் பக்கங்களுக்கு ரெஃபரர் கொள்கையை ‘நோ-ரெஃபரர்’ என்று வையுங்கள். சாவி வந்ததும் அதைக் குக்கீக்கு மாற்றிவிட்டு, சாவி இல்லாத முகவரிக்கு வாசகரைத் திருப்பிவிடுங்கள். சாவி ஒருமுறைதான் செல்லுபடியாக வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அலுவலக மின்னஞ்சல்களைக் காக்கும் சில மென்பொருள்கள், வைரஸ் சோதனைக்காக இணைப்பை முன்கூட்டியே திறந்து பார்க்கும். திறந்ததுமே சாவி செலவாகிவிட்டால், வாசகர் வரும்போது “காலாவதி” என்று காட்டும். எனவே இணைப்பு ஒரு பக்கத்தை மட்டும் திறக்கட்டும். அதிலுள்ள “உறுதிசெய்” பட்டனை வாசகர் அழுத்தியதும் சாவி செலவாகட்டும்.

தேடுபொறிக்காக எல்லா வெளியிணைப்பிலும் ‘நோஃபாலோ’ போடுவது நல்லதா?

இல்லை. எரித (ஸ்பேம்) இணைப்புகளைப் பயனற்றதாக்க 2005-இல் கூகுள் கொண்டுவந்த குறி அது. 2019-இல் கூகுள் மேலும் இரண்டைச் சேர்த்தது: பணம் வாங்கிப் போட்ட இணைப்புக்கு ‘ஸ்பான்சர்ட்’, பயனர்கள் எழுதியதற்கு ‘யூஜிசி’. நீங்களே தேர்ந்து பரிந்துரைக்கும் இணைப்புக்கு எதுவும் வேண்டாம். பணம் வாங்கியிருந்தால் குறி மட்டும் போதாது. அது தேடுபொறிக்குத்தான் தெரியும். வாசகர் கண்ணுக்கு “விளம்பரம்” என்ற சொல் தெரிய வேண்டும்.

புதுக் கணக்கு தொடங்கியவர்கள் இணைப்பு போடுவதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

முழுத் தடை நல்லவரையும் விரட்டும். வேர்ட்பிரஸ், இயல்பமைப்பில், இரண்டும் அதற்கு மேலும் இணைப்புகள் உள்ள கருத்துகளை மட்டுறுத்தலுக்கு நிறுத்திவைக்கிறது. விக்கிப்பீடியாவில் புதியவர் வெளியிணைப்பு சேர்த்தால் மனிதர்தானா என்று பார்க்கும் கேப்ட்சா கேட்கும். இரண்டும் நல்ல முன்மாதிரிகள். “உங்கள் இணைப்பு சரிபார்க்கப்படுகிறது” என்று புதியவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விழுங்கினால் அவர் அதையே நான்கு முறை அனுப்புவார்.

எரிதக்காரர் முதலில் ஒழுங்கான உரையைப் போட்டு, சில நாள் கழித்துத் திருத்தத்தில் இணைப்பைச் செருகுவார். அதனால் கட்டுப்பாடு திருத்தத்துக்கும் தன்விவரப் பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். திரையில் ஒரு டொமைனைக் காட்டி உள்ளே வேறொன்றுக்குப் போகும் இணைப்பை நேரடியாக மறுத்துவிடலாம். ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ், மின்னஞ்சல் ஆகிய மூன்று வகை முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று தொடங்குவதை மட்டும் தடுத்தால் போதாது: சொல்லின் நடுவே வரிமுறிவைச் செருகினாலும் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாகக் கலந்தாலும் உலாவி அதை இயக்கும்.

லத்தீன் அல்லாத டொமைன்களைத் தடுக்கலாமா?

கூடாது. தமிழ் டொமைன்களும் அதில் அடிபட்டுப்போகும். ஒரே பெயரில் சிரிலிக்கும் லத்தீனும் கலந்திருந்தால், அல்லது முழுப் பெயரும் லத்தீனைப் போலவே தோன்றும் சிரிலிக் எழுத்துகளாக இருந்தால், அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் மட்டும் கொண்ட பியூனிகோட் வடிவில் காட்டுங்கள். ஏமாற்று அப்போதே வெளிப்பட்டுவிடும்.

சுருக்கிய முகவரிகள்?

வேண்டாம். போகுமிடம் தெரியாது. சுருக்கும் சேவை மூடப்பட்டால் அதன் இணைப்புகளும் போகும். கூகுளின் சொந்தச் சுருக்கியே 2019-க்குப் பிறகு புதிய முகவரி தருவதை நிறுத்திவிட்டது.

எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று எண்ணலாமா?

எண்ணலாம். ஆனால் சொடுக்கும் நொடியில் முகவரியை மாற்றி எண்ணும் வழி வேண்டாம். உலாவியின் கீழ் ஓரத்தில் ஒரு முகவரியைக் காட்டிவிட்டு வேறொன்றுக்கு அனுப்புவது மோசடிக்காரர் செய்வது. இணைப்பைத் தொடாமல், உலாவியின் ‘செண்ட்பீக்கன்’ வசதி வழியாகச் சிறு செய்தியை உங்கள் சேவையகத்துக்கு அனுப்புங்கள். பக்கம் மாறினாலும் அது போய்ச்சேரும்.

செத்த இணைப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கில், 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன. வெளியிணைப்பு வைத்தால் பராமரிப்பும் உங்கள் வேலைதான்.

மாதம் ஒருமுறை தானியங்கிச் சோதனை ஓடட்டும். முதலில், பக்கத்தின் உள்ளடக்கம் இல்லாமல் தலைப்பை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ கோரிக்கை அனுப்புங்கள். சில சேவையகங்கள் அதற்கு மட்டும் 403 அல்லது 405 என்ற மறுப்பு எண்ணைத் தரும். அப்போது முழுப் பக்கத்தையும் கேட்கும் ‘கெட்’ கோரிக்கையால் மறுபடி பாருங்கள். பத்து நொடி காத்திருந்தால் போதும். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 வந்தாலும் வெவ்வேறு நாளில் மூன்று முறை வந்த பிறகே செத்ததாகக் கொள்ளுங்கள். 429 என்றால் நீங்கள் வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 வந்தால் புதிய முகவரியை எழுதிவிடுங்கள்.

தானியங்கிக்கு அகப்படாதவைதான் மோசமானவை. “பக்கம் இல்லை” என்று காட்டிக்கொண்டே, எல்லாம் சரி என்று பொருள்படும் 200 தரும் தளங்கள் உண்டு. டொமைன் காலாவதியாகி வேறொருவர் வாங்கி, அங்கே சூதாட்டப் பக்கம் நிற்பதும் உண்டு. பக்கத்தின் தலைப்பைச் சேமித்துவைத்து, ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பிட்டால் இரண்டும் பிடிபடும். கைமாறிய டொமைன் எவ்வளவு தூரம் கேடு செய்யும் என்பது 2024-இல் தெரிந்தது: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நேரடியாகச் சேர்த்திருந்த, பழைய உலாவிகளில் புதிய வசதிகளை இயங்கவைக்கும் பாலிஃபில் நிரலின் டொமைன் கைமாறி, அந்தத் தளங்களுக்கு வந்தவர்களை வேறெங்கோ திருப்பிவிட்டது. அது இணைப்பல்ல, நிரல். ஆனாலும் ஆபத்தின் வேர் ஒன்றே.

இணைப்பு வைக்கும் அன்றே அந்தப் பக்கத்தை, வலைப்பக்கங்களின் பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். செத்துவிட்டால் அந்தப் பிரதிக்கு இணைப்பை மாற்றி, “சேமித்த பிரதி” என்று தேதியோடு குறிப்பிடலாம்.

வெளியிணைப்புகளைப் புதியவரின் கண்ணால் எப்படிச் சோதிப்பது?

உலாவியில் தனியறைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து, தேடுபொறி வழியாக உள்பக்கம் ஒன்றுக்கு நேரே வாருங்கள். புதியவர்களில் பலர் முகப்பு வழியாக வருவதில்லை. சுட்டியைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் எல்லா இணைப்புக்கும் போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா? கைபேசியில் ஒரு வெளியிணைப்பைத் திறந்து பேக் பட்டனை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். விட்ட வரிக்கே வர வேண்டும். பிறகு ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு மறுபடி சொடுக்குங்கள். இணைப்பு திறக்கவில்லை என்றால் அது இணைப்பாக எழுதப்படவில்லை, பட்டனாக எழுதப்பட்டிருக்கிறது. அதை முதலில் திருத்துங்கள்.